தொப்பி வந்தது, பாட்டு வரவில்லை

நோட்டீஸில் ‘மாபெரும் எம்.ஜி.ஆர். இன்னிசை இரவு’ என்று போட்டிருந்தார்கள். மாரியம்மன் கோயில் திடலில் எட்டரைக்கே பாய் விரித்து இடம் பிடித்தாகிவிட்டது. மேடையேறியவரிடம் வெள்ளைத் தொப்பி இருந்தது, கறுப்புக் கண்ணாடி இருந்தது, தோளில் சால்வையும் உயர்த்திக் காட்ட இரண்டு விரல்களும் இருந்தன. முன்வரிசையில் ஒரு பாட்டி மேடையைப் பார்த்துக் கும்பிடவே செய்தார். பத்தரை மணிக்கு அதே பாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். திடலில் அப்போது பாதிக் கூட்டம்தான் இருந்தது.

நடந்தது இதுதான். மூன்றாவது பாட்டில் கீழே இறங்கிவந்த கலைஞர், தகப்பன் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தைக்குக் கை கொடுப்பதற்காக மைக்கைத் தாழ்த்தினார். பாட்டு நிற்கவில்லை. டி.எம். சௌந்தரராஜனின் குரல் பெட்டியிலிருந்து கணீரென்று போய்க்கொண்டே இருந்தது. முதலில் பையன்கள் சிரித்தார்கள், அப்புறம் பெரியவர்கள். மேடையில் கீபோர்டு ஒன்று இருந்தது. அதன் பின்னால் ஒருவர் நின்றார். அவர் கை பெரும்பாலும் பென் டிரைவ் செருகியிருந்த லேப்டாப்பின் மேல்தான் இருந்தது.

எம்.ஜி.ஆரே திரையில் வாயசைத்தவர்தானே, அவர் வேடம் போட்டவர் வாயசைத்தால் என்ன குறை என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1954இல் வந்த ‘மலைக்கள்ளன்’ தொடங்கி எம்.ஜி.ஆருக்குத் திரையில் குரலாக நின்றவர் டி.எம்.எஸ். சீர்காழி கோவிந்தராஜன், யேசுதாஸ், எஸ்.பி. பாலசுப்ரமணியம் எனப் பிறரும் பாடியிருக்கிறார்கள். அப்படியென்றால் எம்.ஜி.ஆர். பாட்டு இரவு என்பது முக்கால்வாசி டி.எம்.எஸ். இரவு; மெட்டமைத்த விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் இரவு; பட்டுக்கோட்டை, கண்ணதாசன், வாலியின் இரவு. நோட்டீஸில் இந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை. உபயதாரர்களின் பெயர்கள் மட்டும் இரண்டு பக்கத்துக்கு இருந்தன, புகைப்படத்தோடு.

சரி, வேடத்திலாவது கணக்கு ஒத்துவந்ததா? ‘எங்க வீட்டுப் பிள்ளை’யின் சவுக்குப் பாட்டு 1965ஆம் ஆண்டுக்குரியது. வாலி எழுதியது. அதில் எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கிடையாது, கறுப்புக் கண்ணாடியும் கிடையாது. படியேறி இறங்கும் வேகம்தான் அந்தக் காட்சி. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்த பிறகுதான் அவர் பேச்சு மாறியது. தொப்பி அதற்கும் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட அடையாளம். நம் மேடைக் கலைஞரோ முதலமைச்சர் எம்.ஜி.ஆரின் குழறலில் வணக்கம் சொன்னார், அதே தொப்பியோடு 1965இன் சவுக்கைச் சுழற்றினார். துப்பாக்கிக் காயத்தை மிமிக்ரியாக்கிக் கைதட்டல் வாங்குவது எந்த வகை அஞ்சலி என்று விழாக் கமிட்டிக்குத் தோன்றவே இல்லை.

பார்த்த மாத்திரத்தில் ஆள் தெரிய வேண்டும். விழா நடத்துகிறவர்களுக்கு அது போதும். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரஸ்லிக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1977இல் 42 வயதில் இறந்த அவருடைய கடைசிக்கால வெள்ளை ஜம்ப்சூட்டைத்தான் ஊர் ஊராக மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். 1956இல் இடுப்பை ஆட்டியே அமெரிக்கத் தொலைக்காட்சியைக் கலங்கடித்த 21 வயதுப் பையனை மேடைக்குக் கொண்டுவருவது கடினம். உடை தைத்துவிடலாம், அந்தத் துடிப்பைத் தைக்க முடியாது.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர்களும் உண்டு. 1988இல் அடிலெய்டில் தொடங்கிய ‘ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ’ குழுவினர் யாருடைய முகத்தையும் ஒட்டிக்கொள்ளவில்லை. ஒலியைப் பிடித்தார்கள். கிட்டாரின் ஒவ்வொரு இழுப்பையும் விளக்கின் ஒவ்வொரு வீச்சையும் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோருடைய 50ஆவது பிறந்தநாள் விருந்தில், 1996இல், வாசித்தது இந்த நகல் குழுதான்.

நமக்கும் இது புதிதில்லை. நம் மெல்லிசைக் குழுக்கள் இதைத்தான் செய்துவந்தன. திரைப்பாடல்களில் ஒலித்த மங்களமூர்த்தியின் அக்கார்டியனையும் சத்யத்தின் ஷெனாயையும் ரெக்கார்டில் கேட்டுக் கேட்டு, நோட்ஸ் எழுதி, திருவிழா மேடையில் அப்படியே வாசித்துக் காட்டுவது அவர்களுக்குப் பெருமை. இடையிசையில் ஓரிடம் பிசகினால் முன்வரிசையே முகம் சுளிக்கும். பாடகர் குட்டையாக, வழுக்கையாக இருப்பார். கண்ணை மூடிக்கொண்டால் டி.எம்.எஸ். வந்துவிடுவார். இளையராஜாவும் சகோதரர்களும் அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாக ஏறித்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். டிராக் போட்டு ஒப்பேற்றும் மேடையிலிருந்து அடுத்த வாத்தியக்காரர் எங்கிருந்து வருவார்?

வேடம் போட்டவரைக் குறை சொல்வதற்கில்லை. தேர்தல் காலத்தில் பிரசார வேனில் வெயிலில் காய்கிறவர்களும் இவரைப் போன்றவர்களே. அன்று தொப்பிக்குள்ளிருந்து வியர்வை வழிந்து, வரைந்த மீசையின் ஒரு முனை கரைந்து கன்னத்தில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அடுத்த டிராக்கைப் போட்டுவிட்டார்கள். கூட்டம் கரைவதைப் பார்த்தபடியே அவர் கடைசிவரை ஆடினார். வாங்கிய கூலிக்கு மேலேயே உழைத்தார்.

கணக்குக் கேட்க வேண்டியது விழாக் கமிட்டிகளிடம். எல்.இ.டி. திரைக்கும் சுழல்விளக்குக்கும் பட்டாசுக்கும் வசூல் பணம் இருக்கிறது. ஒரு வயலினுக்கும் தபேலாவுக்கும் புல்லாங்குழலுக்கும் இல்லை என்கிறார்கள். திரையைக் கொஞ்சம் சிறிதாக்குங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து ஊரிலேயே வேலையில்லாமல் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். அடுத்த ஆண்டு நோட்டீஸில் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் பெயர்களை உபயதாரர் பெயருக்கு மேலே அச்சிடுங்கள். தொப்பிக்காரரும் வரட்டும், ஆடட்டும். பென் டிரைவ் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.