பிள்ளை குடிமகன், தாய் அயலார்

1983 கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தஞ்சம் வந்தோர்க்கு மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளைகள், 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்திருந்தால் இந்தியக் குடிமக்கள். அப்படிப் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை கடவுச்சீட்டு வழங்கப் பணித்தது. பெற்றோரோ சட்டத்தின் கண்ணில் இன்றும் அயலார்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. வரவேற்கிறோம். ஆயினும் விலக்கு வேறு, வாழும் உரிமை வேறு.

நம் நெய்வேலிக்கு அருகே குறிஞ்சிப்பாடியிலும் முகாம் உண்டு. 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், நல்லதே. எகிப்து, குழந்தை இயேசுவை மட்டும் ஏற்று மரியாவையும் யோசேப்பையும் எல்லையில் நிறுத்தியிருந்தால்? குடிமக்களைப் பெற்றவர்களுக்காவது நிலையான தங்கும் அனுமதி வேண்டுமென்கிறோம். அவர்களுள் பலர் அறுபதைக் கடந்துவிட்டனர்.