மரக்காயர் முதல் மெரிக்கன் வரை

பெயர் ஒருவரை அடையாளம் காட்டும் ஒலிக்குறி மட்டுமன்று. முன்னோர் செய்த தொழில், வாழ்ந்த ஊர், வழங்கிய மொழி ஆகிய யாவும் அதனுள் உறைந்து கிடக்கின்றன. ஆங்கிலேயர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்து தம் குடும்பப் பெயர்களின் வரலாற்றை நுணுகி ஆராய்ந்துள்ளனர். நாமோ நம் பெயர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லித் தருவதில்லை.

இங்கிலாந்தில் பண்டு தொட்டே குடும்பப் பெயர் இருந்ததெனக் கருதுவது பொருந்தாது. 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்ற பின்னரே பரம்பரைப் பெயர் சிறிது சிறிதாக வேரூன்றியது. நிலவுரிமையும் வரிப்பதிவும் பெருகியபோது, ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய வேண்டிய தேவை எழுந்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பதிவேடுகளில் இப்பெயர்களைப் பரவலாகக் காணலாம். கொல்லன் 'ஸ்மித்' ஆனான். தையற்காரன் 'டெய்லர்' ஆனான். ஜானின் மகன் 'ஜான்சன்' ஆனான். குன்றின் அருகில் குடியிருந்தவன் 'ஹில்' ஆனான். இன்று பெருமிதத்தோடு ஒலிக்கும் ஆங்கிலப் பெயர்களுட் பல, உழைப்பாளிகளின் தொழிற்பெயர்களே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழகத்திலும் இத்தகைய மரபு உண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களுள் ஒன்றாக விளங்கியது நம் குளத்தூர். அச்சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை, அதனை ஆண்டவர்கள் 'தொண்டைமான்' என்னும் பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்தனர்.

தமிழ் முஸ்லிம்களிடையே இவ்வாறு வழங்கும் பெயர்களுள் இரண்டினைக் காண்போம். உள்நாட்டு ஊர்களில் மிகுதியாக வழங்குவது 'இராவுத்தர்' என்பது. குதிரை வீரன் என்னும் பொருளுடைய இச்சொல், 'ராஜபுத்ர' என்னும் வடசொல்லின் திரிபு என்பர். அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என விளித்துள்ளார். ஒரு சமயத்தாரின் குடும்பப் பெயர் மற்றொரு சமயத்தாரின் பக்திப் பாடலில் தெய்வத்தைச் சுட்டி நிற்பது, தமிழ் மண்ணில் நம் வேர் எத்துணை ஆழமானது என்பதற்குச் சான்றன்றோ?

கீழக்கரை, நாகூர் முதலிய கரையோர ஊர்களில் வழங்குவது 'மரக்காயர்' என்பது. மரக்கலம் என்னும் தமிழ்ச்சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும், கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லோடு தொடர்புபடுத்துவாரும் உளர். எவ்வாறாயினும் இது கடலோடிகளின் பெயர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாக நின்று போர்ச்சுக்கீசியரை எதிர்த்தவர்கள் குஞ்ஞாலி மரக்காயர்கள். அவர்களுள் நான்காமவர் 1600ஆம் ஆண்டில் கோவாவில் கொல்லப்பட்டார். உமறுப் புலவரின் சீறாப்புராணம் உருவாகத் துணைநின்ற வள்ளல் சீதக்காதியும், பரங்கிப்பேட்டை அபுல் காசிமும் மரக்காயர்களே.

கப்பலேறிய இப்பெயர் கரைதோறும் உருமாறியது. இலங்கையில் 'மரிக்கார்' ஆயிற்று. மலாய் நாட்டில் 'மெரிக்கன்' ஆயிற்று. 1801இல் தோன்றிய பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவியவர் காதர் முகைதீன் மெரிக்கன். அப்பெயரை ஆங்கில எழுத்தில் காண்பவர், ஏதோ மேனாட்டுக் குடும்பப் பெயர் என்றே மயங்குவர். உள்ளே இருப்பதோ நம் கடற்கரையின் மரக்கலம்!

இவ்வளவு வரலாறு உடைய பெயர்களை மீண்டும் நம் சான்றிதழ்களில் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? இவ்வினா இன்று ஏட்டளவில் நிற்கவில்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் வருகை விசாவில் நுழைய இயலாது என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் விதி வகுத்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் ஏற்கப்படும் எனப் பின்னர் தளர்த்தியது. வளைகுடா வருவாயை நம்பி வாழும் குடும்பங்கள் பல உள்ள நம் வட்டாரத்தில், குடும்பப் பெயர்க் கட்டத்தில் எதை எழுதுவது என்னும் குழப்பம் எழுவது இயல்பே. அண்ணன் பட்டப்பெயரை எழுத, தம்பி தந்தை பெயரை எழுத, உடன்பிறந்தோர் ஏட்டளவில் அயலாராகிவிடும் நிலையும் நேரலாம்.

பட்டப்பெயரைச் சான்றிதழில் புதிதாகச் சேர்ப்பதில் நமக்கு உடன்பாடில்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டுமென முடிவு செய்தது. அதன் பயனைத் தமிழகம் இன்றளவும் நுகர்கிறது. திருக்குர்ஆனும், கிளைகளும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், மேன்மை இறையச்சத்தால் அமைவது என்றும் உணர்த்துகிறது. மரக்காயர், இராவுத்தர், லெப்பை என்று பிரித்துப் பார்த்துப் பெண் கொடுக்கத் தயங்கும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிட்டதாகச் சொல்ல நம்மால் இயலுமா? அத்தயக்கத்திற்கு அரசு முத்திரையும் தேடித் தர வேண்டியதில்லை.

தந்தையின் பெயரே போதுமானது. ஆவுல் பக்கீர் ஜெயினுலாப்தீன் அப்துல் கலாம் என்னும் பெயரில் முன்னோர் பெயர்கள் நிரலாக நிற்கின்றன. மரக்காயர் குடும்பத்தில் பிறந்தும் அவர் பெயரில் பட்டம் இல்லை. பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல், முழுமையாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் பதிவு செய்தல் வேண்டும். பெண்மக்களுக்கும் இதுவே பொருந்தும். திருமணமானதும் தன் பெயரின் முதலெழுத்தை மாற்றிக்கொள்ளுமாறு மணமகளை மார்க்கமும் வற்புறுத்தவில்லை, சட்டமும் வற்புறுத்தவில்லை. பட்டம் பெற்ற பெண், தன் சான்றிதழில் உள்ள பெயரோடு வாழ்நாள் முழுதும் வாழட்டும்.

அவ்வாறாயின் பட்டப்பெயர்களை மறந்துவிடலாமா? கூடாது. அவற்றிற்கு உரிய இடம் விண்ணப்பப் படிவம் அன்று, வரலாற்று ஏடு. குளத்தூர், கீரனூர் வட்டாரத்து மாணவர்கள் விடுமுறை நாட்களில் தத்தம் ஊர்ப் பெரியோர்களை அணுகி, குடும்பப் பட்டங்களையும் வீட்டுப் பெயர்களையும் அவற்றின் காரணங்களோடு எழுதித் தொகுத்தல் வேண்டும். ஊர்ப் பெரியோர்களும் தம் வீட்டுப் பழைய பத்திரங்களைப் பிள்ளைகள் பார்வைக்குத் தந்து உதவுதல் வேண்டும். அறிந்தோர் மறைந்தபின் கேட்பதற்கு ஆளில்லை. ஆதலின் இப்பணியை இவ்வாண்டே தொடங்குவோமாக!