சம்பளத்தில் ஒரு சின்னப் பிடித்தம்



உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை பார்க்கிறார்களா? அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் பேசும்போது சம்பளச் சீட்டை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது நமக்கு வேண்டாம், அது அவர்கள் பாடு. பிடித்தம் போட்டிருக்கிற இடத்தை மட்டும் பாருங்கள். ‘சிண்டா’ என்று ஒரு வரி இருக்கும். சில வெள்ளிதான்.

ஏதோ வரி போல என்று நினைத்து நம் பிள்ளைகள் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அது வரி இல்லை. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் போகிற பணம். அங்கே இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பில், முக்கியமாகக் கணக்கில், பின்தங்குகிறார்கள் என்ற கவலையில் 1991-ல் தொடங்கிய சங்கம் அது. டியூஷன் வைக்கிறார்கள், கஷ்டப்படும் குடும்பங்களுக்குக் கை கொடுக்கிறார்கள். விருப்பம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். ஆனாலும் பெரும்பாலோர் கொடுக்கிறார்கள்.

அந்தச் சங்கத்தின் ஸ்தாபக உறுப்பினர்களில் ஒருவர் எஸ்.ஆர். நாதன். முழுப் பெயர் செல்லப்பன் ராமநாதன். 1999-லிருந்து 2011 வரை, பன்னிரண்டு வருஷம், சிங்கப்பூரின் அதிபராக இருந்தவர். அந்த நாட்டில் அத்தனை காலம் அந்தப் பதவியில் இருந்தவர் வேறு யாரும் இல்லை. அவர் வாழ்க்கையைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்று தோன்றியது. பரீட்சை முடிவுகள் வந்து, சில வீடுகளில் அடுப்பு எரிந்தும் சாப்பாடு இறங்காத சமயம் இது.

சிங்கப்பூர் நமக்கு என்றைக்கு அயலூராக இருந்தது? தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் நம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற அதே நாட்களில், அங்கே டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலிலும் காவடி ஆடுகிறது. அந்தக் கோயிலை 1859-ல் நம் ஆட்கள்தான் கட்டினார்கள். கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்கு, போன ஐயாக்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் பாய் விரித்துப் படுத்து, மேசைப்பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டுக் கணக்கெழுதிய கதையைக் கேட்காமல் வளர்ந்தவர் இந்தப் பக்கம் உண்டா?

அது கடன் கொடுத்தவர்களின் கதை. கடன் வாங்கியவர்களின் கதைதான் நம் வீடுகளில் அதிகம் சொல்லப்படுவதில்லை.

நாதனின் தகப்பனார் மலாயாவில், ஜொகூர் மாநிலத்து மூவார் ஊரில், வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. ரப்பர் தோட்டக்காரர்கள்தான் அந்த அலுவலகத்தின் கட்சிக்காரர்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மந்தம் வந்து ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. கடன் கொடுத்தவர் கையில் பணத்துக்குப் பதில் யாரும் வாங்காத தோட்டம் நின்றது. கடன் வாங்கியவர் கையில் அதுவும் இல்லை. அந்தச் சரிவில் கடனில் மூழ்கிய தகப்பனார் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 1924-ல் பிறந்த நாதனுக்கு அப்போது எட்டு வயது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சிங்கப்பூருக்கு வந்தார்கள். பையன் பள்ளிக்கூடம் மாறினான், படிப்பில் மனம் நிற்கவில்லை, தாயாரோடு மனஸ்தாபம் முற்றியது. பதினாறு வயது வாக்கில் வீட்டை விட்டு ஓடிப்போனான். மேலே எதையும் படிக்காமல் இங்கேயே நிறுத்தி, இந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டால் நம் வீடுகளில் என்ன சொல்வோம்? “தேறாத கேஸ்” என்போம். கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள் “அப்பன் இல்லாத பிள்ளை” என்பார்கள். இரண்டுமே கதையை முடித்துவைக்கிற வார்த்தைகள்தான்.

1942-ல் ஜப்பான்காரன் வந்தான். ஓடிப்போன பையன் ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தான். பிழைக்க வேண்டுமே. அந்த வேலை சரியா தப்பா என்று நிம்மதியான காலத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் தீர்ப்புச் சொல்வது சுலபம். யுத்தம் முடிந்தது. வேலை பார்த்துக்கொண்டே, விட்ட பள்ளிப் படிப்பைத் தானாகப் படித்து முடித்தார். (இனி ‘அவர்’ என்றே சொல்வோம்.) பிறகு சிங்கப்பூரில் இருந்த மலாயா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954-ல் சமூகப் பணிப் படிப்பில் சிறப்புத் தகுதியோடு டிப்ளமோ வாங்கினார். அப்போது வயது முப்பது. கூடப் படித்தவர்கள் பலர் அவரை அண்ணன் என்று கூப்பிடுகிற வயதுதானே?

மறு வருஷம் மருத்துவ சமூகப் பணியாளராக அரசு வேலையில் சேர்ந்தார். ஆஸ்பத்திரி செலவுக்கு வழியில்லாதவர், வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லாத நோயாளி, டிஸ்சார்ஜ் ஆனால் போக இடமில்லாத பெரியவர் என்று இப்படிப்பட்டவர்களுக்காக அலைகிற வேலை அது.

நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். இந்த மாதிரி வாழ்க்கைக் கதைகளை எழுதுகிறவர்கள் எல்லாரும் அதிபர் மாளிகை வாசல் வரை ஓடிவிடுகிறார்கள். படிக்கிற தாய்க்கு அதனால் என்ன பிரயோஜனம்? பத்தாவதில் தவறிய பிள்ளை எல்லாம் அதிபராகவா போகிறது? என்னைக் கேட்டால் நாதனின் வெற்றி 1955-லேயே முழுசாகிவிட்டது. கடனில் நொறுங்கிய வீட்டுப் பிள்ளை, முப்பத்தோரு வயதில், நொறுங்கிய வீடுகளுக்கு உதவுகிற ஆளாக மாதச் சம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் கிடைத்ததெல்லாம் போனஸ்.

கல்யாணமும் தாமதம்தான். வீட்டை விட்டுப் போன பிறகு ஜொகூரில் இருந்தபோது மனசுக்குப் பிடித்த ஊர்மிளா நந்தே வங்காளிப் பெண். இவர் தமிழர். வீட்டில் சம்மதம் கிடைப்பது சாமானியமாக இல்லை. பதினாறு வருஷம் காத்திருந்து 1958-ல் கட்டிக்கொண்டார்கள். வீட்டை விட்டு ஓடிப்போன அதே பிள்ளைக்குள் இத்தனை பொறுமை எங்கே ஒளிந்திருந்தது?

உத்தியோகக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாலுமிகள் நல அதிகாரி, தொழிலாளர் ஆய்வுப் பிரிவு, வெளியுறவு அமைச்சு, 1971-ல் தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்கு இயக்குநர். 1974 ஜனவரி 31-ல் நான்கு ஆயுததாரிகள் சிங்கப்பூரின் புக்கோம் தீவு எண்ணெய் ஆலையைத் தாக்கிவிட்டு, ‘லாஜு’ என்ற படகைப் பணியாளர்களோடு பிடித்துவைத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் பிணைக்கைதிகளை விடுவிக்க, அதிகாரிகள் பதின்மூன்று பேர் உத்தரவாதமாக அந்த ஆயுததாரிகளோடு ஒரே விமானத்தில் குவைத்துக்குப் போனார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நாதன். எல்லாரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

1982-ல் அவரை ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகை நிறுவனத்துக்குத் தலைவராக உட்காரவைத்தார்கள். அங்கிருந்த பத்திரிகையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பத்திரிகை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு அவர்கள் கோபம் நன்றாகவே புரிகிறது. உளவுத் துறையில் இருந்தவர் பத்திரிகைக்குத் தலைவர் என்றால் யாருக்கு உவக்கும்? நல்ல மனிதர் என்பதற்காக எல்லா நியமனமும் சரியாகிவிடாது.

அதிபர் பதவியும் அப்படித்தான், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1999-லும் 2005-லும் தகுதிச் சான்றிதழ் கிடைத்த ஒரே வேட்பாளர் அவர்தான். போட்டி இல்லை, ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. பிலிப்பைன்ஸ் அதிபர் ரமோன் மகசேசேயும் கீழேயிருந்து வந்தவர்தான். பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். ஆனால் அவர் 1953-ல் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். யாழ்ப்பாண வேர்கள் உள்ள தர்மன் சண்முகரத்னமும் 2023-ல் போட்டியிட்டு, எழுபது சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கித்தான் சிங்கப்பூர் அதிபரானார். நாதன் கோப்புகள் வழியாக மேலே வந்தவர். ஜனங்களிடம் நேரில் ஒரு தடவை கேட்டிருந்தால் அவருக்கே நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. நம் பெரிய வீடுகளில் இருக்கிற பழைய இரும்புப்பெட்டிக்கு இரண்டு சாவி உண்டல்லவா, ஆளுக்கொன்றாக இருவர் வைத்திருப்பார்கள், இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும்? சிங்கப்பூரின் சேமிப்பும் அப்படி. ஒரு சாவி அரசாங்கத்திடம், இன்னொன்று அதிபரிடம். 2009-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, ஆட்களை வேலையை விட்டு நிறுத்தாமல் வைத்திருக்கக் கம்பெனிகளுக்கு உதவ வேண்டும் என்று அரசாங்கம் 490 கோடி வெள்ளி கேட்டது. பழைய சேமிப்பில் இப்படிக் கை வைத்தது அதுதான் முதல் தடவை. நாதன் சம்மதித்தார். எடுத்த பணத்தை 2011-ல் திரும்ப வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் வேலை போகாமல் தப்பிய தகப்பன்மார் எத்தனை பேரோ! தகப்பனைக் கடனுக்குப் பறிகொடுத்தவர் கையில் அந்தச் சாவி இருந்ததை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

2016 ஆகஸ்ட் 22-ல் அவர் காலமானார். அரசு மரியாதையோடு நடந்த இறுதி நிகழ்ச்சியில் அவருக்குப் பிடித்த ‘பொற்காலம்’ படத்துப் பாட்டு ஒலித்தது. ஊர் ஊராக மண் எடுத்துப் பொம்மை செய்கிற அந்தத் ‘தஞ்சாவூரு மண்ணு எடுத்து’ பாட்டுதான். சீனரும் மலாய்க்காரரும் அமர்ந்திருந்த அரங்கில் சேரன் படப் பாட்டு!

சரி, நம் வீட்டுக்கு வருவோம். பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டான் என்றதும் நம்மில் எத்தனை பேர் முதலில் வெளிநாட்டு வேலை ஏஜென்டுக்குப் போன் போடுகிறோம்? லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டி, பதினெட்டு முடிந்த கையோடு திருச்சி ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்டால் பொறுப்பு முடிந்ததா? போகிற பிள்ளை போகட்டும், உழைப்பில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் படிப்புக் கதவைச் சாத்திவிட்டு அனுப்பாதீர்கள். துணைத்தேர்வு இருக்கிறது. தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. விட்டதைத் தொடர அந்தக் காலத்து நாதனைவிட வசதியாகத்தான் இருக்கிறார்கள் நம் பிள்ளைகள்.

இருபத்தைந்தைத் தாண்டிய பிறகு விட்ட படிப்பைத் தொட்டு முடித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பிள்ளைகளைப் பெற்ற பிறகு பத்தாவது எழுதிய பெண்கள் உட்பட. எப்படிச் சமாளித்தீர்கள், வீட்டில் யார் துணை நின்றார்கள், யார் கேலி செய்தார்கள், பணத்துக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்