காணிக்காரரும் பத்தமடைத் தாயும் வகுப்பறைக்கு வரட்டும்!



1987ஆம் ஆண்டு அகத்தியமலைக் காட்டுக்குள் ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், மலையேற்றத்தில் களைத்துப் போனார்கள். வழிகாட்டி வந்த காணிக்கார இளைஞர்களோ சிறு பழங்களை மென்றபடி சோர்வின்றி நடந்தார்கள். 'அது என்ன?' என்று கேட்டதற்கு, 'எங்கள் இனத்து ரகசியம்' என்று தயங்கினார்கள். வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995ல் தயாரிப்பு உரிமை 10 லட்சம் ரூபாய்க்கு கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. வரும் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997ல் அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் பாராட்டியது. ஆனால் காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகளில் சிலர் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்களைக் கேட்டீர்களா என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி!

அந்த மலையின் நம் பக்கத்துச் சரிவில்தான் தாமிரபரணி பிறக்கிறது. பாபநாசத்துக்கு மேலே மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழிப் பகுதிகளில் வாழ்வோரும் காணிகளே. எந்தக் கிழங்கை எப்போது தோண்டுவது, எந்தத் தேனடையை விட்டுவைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறைப் பாடம். ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளரும் நெல்லைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர்கள் பெயராவது தெரியும்? அமேசான் காட்டைப் பற்றிப் பரீட்சை எழுதுகிறார்கள். பாபநாசம் மலையைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் பார்ப்போம்!

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். பத்தமடைக்கு வாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லியதாகக் கீறி, காயவைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்திச் சாயமேற்றிப் பட்டுப் போல நெய்பவர்கள் யார்? நம் லெப்பைக் குடும்பத்துத் தாய்மார்கள்! மணமக்கள் பெயரை நெய்த பாயை எல்லாச் சமயத்தாரும் கல்யாணத்துக்கு வாங்கிப் போகிறார்கள். புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தண்டு ஊறினால் ஏன் பருக்கிறது, சாயம் எதனால் ஒட்டுகிறது, பாவில் நூல் கூடக்கூடப் பாய் ஏன் மெலிகிறது? இவை தாவரவியல் இல்லையா, வேதியியல் இல்லையா, கணக்கு இல்லையா? ஆனாலும் அந்தத் தாயைப் 'படிக்காதவள்' என்கிறோம். அவர் பிள்ளையும் பள்ளியில் தன் வீட்டுத் தொழிலைச் சொல்லக் கூசுகிறது. அந்தப் பாயைக் குறைத்து வாங்கிக் கூட்டி விற்கும் கடைக்காரர்களிலும் நம்மவர்கள் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தலையங்கம் பொய்யாகிவிடும்.

ஒரு பயம் எழும். எழவும் வேண்டும். 1953ல் ராஜாஜி அரசு கிராமப்புறப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. தந்தை பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்து நின்றார். 1954ல் காமராஜர் முதல்வராகி அதை ஒழித்தார். நெசவாளி மகளை நெசவுக்கும் காணி மகனைக் காட்டுக்கும் திருப்பி அனுப்பும் எந்தத் திட்டத்தையும் நாம் ஏற்கமாட்டோம். நாம் கேட்பது நேர்மாறானது. டாக்டர் மகனும் ஜவுளிக்கடை முதலாளி மகளும் கோரைப் பாடம் படிக்கட்டும். பத்தமடைப் பெண் டாக்டராகட்டும்!

இன்னொரு எச்சரிக்கை. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை 'இந்திய அறிவு மரபு' என்று நிறையப் பேசுகிறது. பழங்குடி அறிவையும் அதில் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் மரபு என்றவுடன் சமஸ்கிருத ஏடுகள் மட்டும் மேசைக்கு வந்தால் எப்படி? காணியின் வாய்மொழியும், காயல்பட்டினம் பெரியவர்கள் அரபுத்தமிழில் எழுதிவைத்தவையும் மரபில்லையா? 1937ல் காந்தியடிகளின் வார்தா கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஜாகிர் உசேன். கைத்தொழில் வழிக் கல்வி என்பதே அதன் உயிர். முஸ்லிம் லீக் அன்று அதை எதிர்த்தது. பாடத்தில் யாருடைய பண்பாடு நுழையும் என்ற அச்சம் அதற்குக் காரணம். அந்த அச்சம் வெறும் கற்பனை என்று இன்றும் சொல்லிவிட முடியாது. அதற்காக ஒதுங்கி நின்றால், நம்மை விட்டுவிட்டே பாடம் எழுதப்படும்.

சென்னையிலிருந்து புத்தகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு தந்த உரிமையில் நாம் நடத்தும் பள்ளிகள் மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் கடையநல்லூரிலும் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசுங்கள் இளைஞர்களே! மாதம் ஒருநாள் ஒரு காணிப் பெரியவரையும் ஒரு பாய் நெசவுத் தாயையும் ஆசிரியர் நாற்காலியில் உட்கார வையுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மூலிகை ரகசியத்தைக் கறக்க யாரும் நோட்டுப் புத்தகத்தோடு நிற்க வேண்டாம். பொன்னாடை போர்த்திப் படம் பிடித்து அனுப்பிவிடும் பழக்கமும் வேண்டாம். ஒரு ஆசிரியரின் ஒருநாள் சம்பளத்துக்குக் குறையாமல் கையில் கொடுங்கள். பஸ் செலவையும் சேர்த்து அந்தப் பணத்தை நெல்லைக் கடைவீதி ஏற்றுக்கொள்ளட்டும்.