ஐக்கோர்ட்டு மந்திரம்

கோயிலிலே புரோகிதன் சொல்லுவது இன்னதென்று கேட்கிறவனுக்கும் தெரியாது, பல சமயங்களில் சொல்லுகிறவனுக்கும் தெரியாது என்பதை நாம் பல காலமாக எடுத்துச் சொல்லி வந்திருக்கிறோம். தட்சணை கொடுப்பவன் கைகட்டி நிற்க வேண்டும். வாங்குகிறவன் முணுமுணுக்க வேண்டும். கடைசியில் "எல்லாம் ஆகிவிட்டது, போய் வா" என்றால், என்ன ஆயிற்று என்று கேளாமல் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தக் கூத்து கர்ப்பக்கிருகத்தின் வாசலில் மாத்திரந்தான் நடக்கிறதென்று யாராவது நினைத்துக் கொண்டிருந்தால், அவர்கள் ஒரு நாள் சென்னை ஐக்கோர்ட்டிலோ, 2004ல் ஏற்பட்ட அதன் மதுரைக் கிளையிலோ போய் உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

வாதி தமிழன். பிரதிவாதி தமிழன். இரு தரப்பு வக்கீல்களும் தமிழர்கள். தீர்ப்புச் சொல்லும் ஜட்ஜும் பெரும்பாலும் தமிழ் தெரிந்தவரே. வியாஜ்யமோ வரப்பைப் பற்றியது, வாய்க்காலைப் பற்றியது, அண்ணன் தம்பி பாகப் பிரிவினையைப் பற்றியது. கிரயப் பத்திரம் தமிழில் இருக்கிறது. பட்டா தமிழில் இருக்கிறது. தாசில்தார் போட்ட உத்தரவு தமிழில் இருக்கிறது. இத்தனையும் தமிழாயிருக்க, நடவடிக்கையும் தீர்ப்பும் மாத்திரம் இங்கிலீஷில் நடக்கிறதென்றால், இது யாருக்காக நடக்கிறது என்று கேட்கிறோம்.

அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். தன் பாட்டன் எழுதி வைத்த தமிழ்ப் பத்திரத்தை ஐக்கோர்ட்டில் காட்ட வேண்டுமானால், அதை இங்கிலீஷில் பெயர்த்து, டைப் அடித்து, அதற்குக் கூலியும் கொடுத்துத் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ் தெரிந்த வக்கீல், தமிழ் தெரிந்த ஜட்ஜுக்கு, தமிழ்ப் பத்திரத்தை இங்கிலீஷில் விளக்கிச் சொல்லுவார். பத்திரத்துக்குச் சொந்தக்காரனோ பின் வரிசையில் வாயைப் பார்த்துக் கொண்டு நிற்பான்.

கீழ்க் கோர்ட்டுகளில் இப்படியில்லை. 1956ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1976ல் அதைத் திருத்தி, ஐக்கோர்ட்டுக்குக் கீழ்ப்பட்ட கோர்ட்டுகளில் சாட்சியம் பதிவதற்கும் தீர்ப்பு எழுதுவதற்கும் தமிழையே மொழியாக்கினார்கள். அங்கே எல்லாத் தீர்ப்பும் தமிழில் வந்துவிடுகிறதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வழியாவது இருக்கிறது. முன்சீப் கோர்ட்டில் தமிழில் பிறந்த வழக்கு, சப்-கோர்ட்டில் தமிழில் வளர்ந்து, இரண்டாம் அப்பீலுக்கு ஐக்கோர்ட்டுப் படியேறினவுடனே ஊமையாகிவிடுகிறது. அந்த இரண்டாம் அப்பீலில் முக்கியமான சட்டப் பிரச்சனை இருந்தாலொழிய ஐக்கோர்ட்டு தலையிடலாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100வது பிரிவு சொல்லுகிறது. இதைக் குடியானவனுக்கு யார் சொல்லுகிறார்கள்? தென்னை மரத்தை வைத்தது யார், வேலியைப் போட்டது யார் என்பதையெல்லாம் பெரிய ஜட்ஜு கேட்கப் போகிறார் என்று எண்ணிக் கொண்டு அவன் ஆட்டை விற்று, நகையை அடகு வைத்து வருகிறான். அந்தச் சங்கதிகளெல்லாம் கீழேயே முடிந்து போயின என்பது அவனுக்குத் தோற்ற பிறகுங்கூடத் தெரிவதில்லை.

சிவில் வழக்கின் கதை இதுவானால், சர்க்காரின் மீது போடும் ரிட்டு மனுவின் கதை இன்னும் பரிதாபமானது. தாசில்தார் பட்டா மாற்றிக் கொடுக்கவில்லை. ஆறு தடவை மனுக் கொடுத்தும் பதில் இல்லை. அரசியல் சட்டத்தின் 226வது பிரிவின்படி ஐக்கோர்ட்டுக்குப் போகிறான். "இவர் கொடுத்த மனுவை, அதன் தகுதியைப் பார்த்து, சட்டப்படி, 12 வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவிட வேண்டும்" என்று இங்கிலீஷில் ஓர் உத்தரவு வருகிறது. இதன் அர்த்தம் என்ன? பட்டா கொடு என்பதல்ல; கொடுக்காதே என்பதுமல்ல; தாசில்தார் முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இப்பொழுதாவது செய் என்பதுதான். ஆனால் உத்தரவை வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறவன், ஐக்கோர்ட்டிலேயே ஜெயித்துவிட்டதாக நினைக்கிறான். இப்படி நினைத்து ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவர்களை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் கண்டிருக்கிறோம். பன்னிரண்டாவது வாரத்தில் தாசில்தார் அம்மனுவைப் பரிசீலித்துத் தள்ளுபடி செய்து தமிழில் ஓர் உத்தரவு அனுப்புகிறார். "ஐக்கோர்ட்டு உத்தரவையே தாசில்தார் மீறிவிட்டானே!" என்று இவன் கொதிக்கிறான். மீறவில்லை, அப்பனே! அவர் அதற்குக் கீழ்ப்படிந்துதான் உன் மனுவைத் தள்ளியிருக்கிறார். அந்த ஒரு வரியை அவன் தன் மொழியில் படித்திருந்தால் மிட்டாய்க் காசாவது மிஞ்சியிருக்கும். பரிசீலனைக்கு வேண்டிய தஸ்தாவேஜுகளை அந்த 12 வாரத்துக்குள் கொண்டு போய்க் கொடுத்தும் இருப்பான்.

இது தீராத வியாதியா என்றால் இல்லை. அரசியல் சட்டத்தின் 348வது பிரிவு ஐக்கோர்ட்டுக்கு இங்கிலீஷ் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், கவர்னர் ஜனாதிபதியின் முன் சம்மதம் பெற்று அந்த ராஜ்யத்தின் ஆட்சிமொழியை ஐக்கோர்ட்டு நடவடிக்கைகளில் அனுமதிக்கலாம் என்றும் சொல்லுகிறது. தீர்ப்புக்கும் அவ்வாறே அனுமதிக்கலாம், கூடவே இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும் என்று 1963ஆம் வருஷத்து ஆட்சிமொழிகள் சட்டத்தின் 7வது பிரிவு சொல்லுகிறது. இந்த வழியில் ராஜஸ்தானம் 1950லும், உத்தரப் பிரதேசம் 1969லும், மத்தியப் பிரதேசம் 1971லும், பீகார் 1972லும் தத்தம் ஐக்கோர்ட்டுகளில் இந்திக்கு அனுமதி பெற்றுக் கொண்டன. அங்கெல்லாம் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

தமிழ்நாட்டுச் சட்டசபை 2006 டிசம்பரில் தமிழுக்கும் அப்படியே வேண்டுமென்று தீர்மானம் செய்தது. கதி என்ன? சுப்ரீம் கோர்ட்டின் பிரதம ஜட்ஜைக் கேட்க வேண்டும் என்றார்கள். அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. 1965ல் மந்திரி சபைக் கமிட்டி ஒன்று செய்து கொண்ட முடிவு அது. கேட்டார்கள். 2012 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகள் கூடி முடியாது என்றார்கள். நமக்கு மாத்திரமல்ல, குஜராத்திக்கும், வங்காளிக்கும், கன்னடத்துக்கும், இந்தி கேட்ட சத்தீஸ்கருக்குங்கூட அதே பதில். மறுபடி கேட்டதற்கு 2016லும் அதே பதில். முன்னமே வாங்கிக் கொண்ட நான்கு ராஜ்யங்களுக்கு உண்டு, பின்னால் வந்தவர்களுக்கு இல்லை என்றால் இது என்ன நியாயம்? பந்தியில் முந்தி உட்கார்ந்தவனுக்கு மாத்திரம் சோறு என்கிற சத்திரத்து நியாயந்தானே!

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களைப் பார்ப்போம். தமிழில் சட்டச் சொற்கள் இல்லையாம். ஜாமீன், வாய்தா, ஜப்தி, வாரிசு, ஆட்சேபணை, பாத்தியதை இவையெல்லாம் எந்த ஊர்ச் சொற்கள்? எங்கிருந்து வந்தால் என்ன, எழுத்துத் தெரியாத கிழவிக்கும் இவை அர்த்தமாகின்றன. பேசப் பேசச் சொல் வரும். பேசவே விடாமல் சொல் இல்லை என்பது, தண்ணீரில் இறங்காதே, ஆனால் நீச்சல் கற்றுக்கொண்டு வா என்பதற்கு ஒப்பாகும்.

வெளி ராஜ்யத்து ஜட்ஜுகள் வருகிறார்களே என்பது மற்றொன்று. வெளி ராஜ்யத்திலிருந்து கலெக்டர்களும் வருகிறார்கள். அவர்கள் தமிழில் பரீட்சை எழுதித் தேறி, திங்கட்கிழமைதோறும் ஜனங்களிடம் தமிழில் மனு வாங்குகிறார்கள். கலெக்டரால் ஆகிறது ஜட்ஜால் ஆகாதென்று சொல்லுவது ஜட்ஜுகளைக் குறைத்துப் பேசுவதாகும்; நாம் அவ்வளவு தூரம் போகத் தயாராயில்லை.

நம் தோழர்களிலேயே சிலர், இங்கிலீஷ் போனால் அந்த இடத்தில் இந்தி வந்து உட்கார்ந்துவிடுமே என்று அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் இங்கிலீஷை விரட்டும்படி நாம் கேட்கவில்லை. தமிழில் தீர்ப்பு, பக்கத்தில் இங்கிலீஷ் பெயர்ப்பு என்றுதான் அந்த 7வது பிரிவே சொல்லுகிறது. வழக்காடுகிறவனுக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று. இதில் இந்தி நுழைய இடம் எங்கே?

இங்கிலீஷ்காரனுடைய சரித்திரத்தையே பார்க்கலாம். அவன் நாட்டுக் கோர்ட்டுகளிலும் ஒரு காலத்தில் பிரெஞ்சில்தான் வாதம் நடந்தது. கட்சிக்காரர்களுக்குத் தங்களுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ சொல்லப்படுவது விளங்கவில்லை என்று காரணம் காட்டி, 1362லேயே வாதம் இங்கிலீஷில் நடக்கச் சட்டம் செய்தார்கள். பதிவேட்டில் ஒட்டிக் கொண்டிருந்த லத்தீனையும் 1731ல் ஒரு சட்டம் செய்து 1733 முதல் விரட்டினார்கள். இந்தியாவிலும் கம்பெனிக்காரன் கோர்ட்டுகளிலிருந்த பாரசீகத்தைக் கைவிட 1837ல் சட்டம் செய்தான். மாண்டமஸ், செர்ஷியோராரி என்ற ரிட்டுகளின் லத்தீன் பெயரைக்கூட இங்கிலாந்தில் மாற்றிச் சாதாரண இங்கிலீஷில் வைத்துவிட்டார்கள். நம்மவர்களோ அவற்றை இன்னும் காயத்திரி போல உச்சரித்துக் கொண்டிருக்கிறார்கள்.

2021ல் கோயில்களில் தமிழ் அர்ச்சனைக்குத் திட்டம் போட்டார்கள். கல்லுக்குச் சமஸ்கிருதமும் ஒன்றுதான், தமிழும் ஒன்றுதான். அதற்குக் காதும் இல்லை, நஷ்டமும் இல்லை. காதும் காணியும் உள்ள மனிதன் ஐக்கோர்ட்டு வாசலில் நிற்கிறானே, அவனுக்கல்லவா முதலில் தமிழ் வேண்டும்?

சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புகளில் சிலவற்றைச் சமீப வருஷங்களில் தமிழில் பெயர்த்துப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் இது கட்சிக்காரர் தெரிந்து கொள்ளுவதற்கு மாத்திரமே, வேறு காரியத்துக்கு உதவாது, இங்கிலீஷ்தான் செல்லும் என்று கூடவே ஒரு குறிப்பும் போட்டுவிடுகிறார்கள். சில ஜட்ஜுகள் தாமே வாதாட வருகிறவனிடம் தமிழில் பேசி இதமாக விசாரிப்பதும் உண்டு. அது அவர்களுடைய நல்ல குணம். நாம் கேட்பது குணத்தையல்ல, உரிமையை.

அது கிடைக்கிற வரையில் ஐக்கோர்ட்டில் வழக்குள்ள தோழர்கள் ஒன்று செய்யலாம். உத்தரவு நகல் கைக்கு வந்தவுடன், கும்பிட்டுவிட்டுத் திரும்பாமல், "யார் எதைச் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் நான் எங்கே போக வேண்டும்" என்ற மூன்றையும் வக்கீலைக் கேட்டுத் தமிழில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். முகத்தைச் சுளித்தாலும் விடாதீர்கள். பீஸ் கொடுத்திருப்பது நீங்கள்தான்.