மார்கழியில் உறையும் சந்தேகம்

மார்கழி பிறந்துவிட்டால் கோவை, நீலகிரி வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் காலை வெயிலுக்கு வந்துவிடும். "உறைஞ்சிருக்கு, சுத்தமான எண்ணெய்" என்பார் ஒருவர். "மெழுகைக் கலந்துட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவார் இன்னொருவர். அதே அலமாரியில் தளும்பிக்கொண்டிருக்கும் நல்லெண்ணெயை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை.

இருவருமே அவசரப்படுகிறார்கள். எண்ணெய் உறைவது முதலில் மூலக்கூறின் வடிவத்தைப் பொறுத்த விஷயம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றவை; லாரிக் அமிலமே பாதிக்குப் பக்கம். இவற்றின் கார்பன் சங்கிலியில் எல்லாம் ஒற்றைப் பிணைப்புகள். அதனால் சங்கிலிகள் நேராக நீண்டு, அடுக்கிய விறகுபோல நெருங்கிப் படுத்துக்கொள்ளும். ஒன்றையொன்று இழுக்கும் விசை மெலிதுதான். நெருக்கம் கூடினால் அது போதும். வெப்பநிலை சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் எண்ணெய் வெள்ளையாக இறுகத் தொடங்கும். நல்லெண்ணெயில் ஒலிக், லினோலிக் அமிலங்களே மிகுதி. இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் அவற்றின் சங்கிலி மடங்கிவிடும். கோணல் கொம்புகளைக் கட்டாகக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு இறுக்கினாலும் இடுக்கு விழும்.

அந்த மடிப்பை நீக்கும் வித்தைதான் வனஸ்பதி. நிக்கல் வினையூக்கியின் உதவியோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் எண்ணெய் கெட்டியாகும். அரைகுறையாகச் சேர்த்தாலோ, சில இரட்டைப் பிணைப்புகள் நிமிர்ந்த வடிவில் தங்கிவிடும். இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பு என்பது அதுவே. உணவு எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 முதல் நடப்பில் இருக்கிறது.

விளக்கெண்ணெய் தனி ரகம். அதன் ரிசினோலிக் அமிலத்தில் ஹைட்ராக்சில் தொகுதி ஒன்று தொங்குகிறது. மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. மார்கழிக் குளிரில் அது உறைவதில்லை, ஆனால் ஊற்றினால் லேசில் வந்து சேர்வதுமில்லை. மந்தமான ஆளை 'விளக்கெண்ணெய்' என்று திட்டும் ஊர் இது.

தேங்காய் எண்ணெய் சுத்தமா என்று ஃபிரிட்ஜில் உறையவைத்துப் பார்க்கும் சோதனை அடியோடு வீண் என்று சொல்ல முடியாது. மலிவான வேறு எண்ணெயைக் கணிசமாகக் கலந்திருந்தால், அது உறையாமல் தனியாகத் தங்கிக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய்ப்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயிடம் இந்தச் சோதனை தோற்றுப்போகும். அதிலும் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம்தான்; மார்கழியில் அதுவும் வெள்ளையாக இறுகும், சித்திரையில் அதுவும் தெளிந்து நிற்கும்.