நான்கு கிலோமீட்டர் கல்லும் இருநூறு மீட்டர் பலகையும்

தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரம் போட, தோணிகள்தான் சரக்கைச் சுமந்து கரை சேர்த்தன. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோதும் நிலைமை அதுதான். இயற்கை இப்படி அமைத்துவிட்டதே என்று நாம் சும்மா இருந்துவிடவில்லை. கடலுக்குள் கல்லைக் கொட்டினோம். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பினோம். நடுவே கடலைத் தோண்டி ஆழப்படுத்தினோம். 1974இல் அது பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது.

இதைச் செய்த நாட்டில்தான், வீல்சேரில் இருக்கும் ஒருவர் கடல் தண்ணீரைத் தொட வேண்டும் என்று கேட்டால், “மணல்ல சக்கரம் எப்படிங்க உருளும்?” என்று பதில் வருகிறது. மணலில் சக்கரம் புதையும், உண்மைதான். ஆழமில்லாத கடலில் கப்பலும்தான் தரைதட்டும். கப்பலுக்கு வந்தால் அது பொறியியல் சிக்கல், மனிதருக்கு வந்தால் தலைவிதி. இந்தப் பாகுபாட்டைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

விடை ஒன்றும் ராக்கெட் அறிவியல் இல்லை. 2022 நவம்பர் 27 அன்று சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே ஒரு மரப் பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு 1.14 கோடி ரூபாய். அதற்கு முன்பெல்லாம் மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி, டிசம்பரில் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டுவிட்டுப் பிரித்துவிடுவார்கள். வருடம் முழுக்கக் கடல் அங்கேயே இருக்கிறது, பாதைதான் விருந்தாளி மாதிரி வந்து போனது. நிரந்தரப் பாதை வேண்டும் என்று உரிமை அமைப்புகள் பல வருடங்கள் போராடித்தான் அந்த 263 மீட்டர் கிடைத்தது.

திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. உடனே சமூக ஊடகங்களில் கிண்டல் ஆரம்பித்தது: “மக்கள் வரிப்பணம் கடல்ல கரைஞ்சு போச்சு.” பாதையைச் சரிசெய்து மீண்டும் திறந்தார்கள் என்ற செய்திக்கு அந்தச் சத்தத்தில் பாதிகூட இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? தூத்துக்குடி மாவட்டத்தின் சாலைகள், பாலங்கள், தண்டவாளம் எல்லாம் அடித்துக்கொண்டு போயின. “இந்த ஊருக்கு ரோடு சரிப்படாது, விட்டுடலாம்” என்று யாராவது சொன்னோமா? உடைந்ததைச் சரிசெய்வதற்குப் பெயர் பராமரிப்பு. நமக்கான வசதி உடைந்தால் பராமரிக்கிறோம். அவர்களுக்கான வசதி உடைந்தால் மட்டும் அது தோற்றுப்போன பரிசோதனை ஆகிவிடுகிறது.

அடுத்த வாதம் காசு. 2024 டிசம்பர் 30 அன்று கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார்கள். 77 மீட்டர் நீளம், 37 கோடி ரூபாய். அழகான பாலம், அதன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அதில் கால் வைக்க முதலில் படகில் ஏறி இறங்க வேண்டும். மெரினா கணக்கில் பார்த்தால் அந்தப் பணத்துக்கு 32 மரப் பாதைகள் போடலாம். காசு இருக்கிறது. யாருக்காகச் செலவு செய்வது என்பதில்தான் பிரச்சினை.

“எத்தனை பேர் வரப்போறாங்க?” என்பது மூன்றாவது வாதம். படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தின் வாசலில் நின்று வீல்சேர்களை எண்ணினால் பூஜ்யம்தான் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்துக்கும் மேல். முட்டி தேய்ந்த அம்மாக்கள், பக்கவாதம் வந்த தாத்தாக்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுபவர்கள் எல்லாம் இந்தக் கணக்கிலேயே இல்லை.

இதுவரை சொன்னது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். முத்துக்குளித்துறைக்கு என்று தனியாக ஒரு கடன் இருக்கிறது.

முத்துக்குளிப்பில் மேலே இருந்து கயிறு பிடிப்பவன், குளிப்பவனின் மனைவியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்பது நம்பிக்கை. மூச்சடக்கி, கல்லைக் கட்டி இறங்கிய காலம் அது. முத்துக்குளிப்பு 1961ஓடு முடிந்தது. சங்குகுளி மட்டும் நிற்கவில்லை. படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து ரப்பர் குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு அடியில் வெகுநேரம் இருப்பது வழக்கமானது. இருபது மீட்டர் ஆழத்தில் கரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடலில் கரைகிறது. படிப்படியாக மேலே வந்தால் அது மெல்ல வெளியேறிவிடும். சட்டென்று ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகிறது. அந்தக் குமிழி தண்டுவடத்தில் சிக்கினால் கால்கள் போய்விடும்.

அப்படிக் கால் போன ஓர் அண்ணனை எனக்குத் தெரியும். வயதில் மூத்தவர், இப்போது வீல்சேர்தான். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் ரோட்டோரத்தில் நிறுத்தி, “பாருங்கண்ணே, காத்து நல்லா வருதுல்லா” என்போம். ஒருநாள் அவர் சொன்னார்: “காத்து வீட்டு மாடியிலயும் வருதுலே தம்பி. தண்ணி மேல படணும்லா. கடலுக்குள்ள கெடந்தவன கரையில நிப்பாட்டி வேடிக்க காட்டுதீங்க.”

கிரேக்கத்தில் கலிம்னோஸ் என்று ஒரு தீவு. கடற்பஞ்சு எடுப்பவர்களின் ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்குடை வந்ததும் இதே நோயில் ஏராளமானோர் செத்தார்கள், முடமானார்கள். அந்தத் தீவில் மிக்கானிகோஸ் என்றொரு நடனம் உண்டு. முன்னால் ஆடுபவர் கைத்தடியை ஊன்றி, நடுங்கும் காலோடு, முடமான மூழ்காளியாக ஆடுவார். தன் கடல் முடமாக்கியவர்களை அந்த ஊர் மறக்கவில்லை. அதே கிரேக்கத்தில்தான் சூரிய மின்சக்தியில் ஓடும் சீட்ராக் என்ற கருவியை உருவாக்கினார்கள். தண்டவாளத்தில் ஓடும் ஒரு நாற்காலி. உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினால் அது கடலுக்குள் இறக்கிவிடும், திரும்ப அழுத்தினால் மேலே கொண்டுவரும். தூக்கிவிட ஆள் தேவையில்லை. அந்நாட்டின் பல கடற்கரைகளில் இது இருக்கிறது.

நான் மென்பொருள்காரன், ஆகவே இன்னொன்றும் சொல்லவேண்டும். வீட்டிலிருந்து அலை வரைக்கும் ஒரு சங்கிலி இருக்கிறது: பேருந்து, நடைபாதை, நுழைவாயில், கழிப்பறை, மணல், தண்ணீர். ஆறு கண்ணிகள். ஒவ்வொன்றும் பத்துக்கு ஒன்பது முறை வேலைசெய்தால்கூட, ஆறும் சேர்ந்து வேலைசெய்ய ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான். ஆகவே ஒரு சாய்தளத்தைக் கட்டி ரிப்பன் வெட்டுவதால் சங்கிலி முழுமையடையாது. இது துறைமுகத்துக்கு நன்றாகவே தெரியும். கப்பலிலிருந்து லாரிக்கும் லாரியிலிருந்து ரயிலுக்கும் ஒரு கன்டெய்னர் எங்கேயும் படி ஏறாமல் போகிறது. உலகமே ஒரே அளவுக்கு ஒத்துக்கொண்டதால் நடந்த அதிசயம் அது. இரும்புப் பெட்டிக்குக் கிடைத்த இந்த மரியாதையைத்தான் மனிதருக்கும் கேட்கிறோம்.

சட்டம் நம் பக்கம்தான். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து வருடத்துக்குள் சரிசெய்யச் சொன்னது. பொழுதுபோக்குக்கானவையும் அதில் அடக்கம். விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை என்பது வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவா என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. கலைஞர் ‘மாற்றுத்திறனாளி’ என்ற நல்ல சொல்லைக் கொடுத்தார். சொல்லை மாற்றிக்கொண்ட வேகத்தில் படிக்கட்டுகளை மாற்றவில்லை நாம்.

முத்துநகர் கடற்கரையாகட்டும், மணப்பாடாகட்டும், திருச்செந்தூராகட்டும், அடுத்தமுறை ‘அழகுபடுத்தும் திட்டம்’ என்று வரைபடத்தை விரிப்பார்கள். அதில் செல்ஃபி எடுக்கப் பெரிய எழுத்துகள் இருக்கும், வண்ண விளக்குகள் இருக்கும், ஒரு மூலையில் நீல நிற வீல்சேர் படமும் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். பலகை எந்த இடத்தில் முடிகிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மணலில் முடிந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.